மூணுக்கு மேல ஏத்தாதே

ஒரு நிமிஷம் தம்பி. கோவிச்சுக்கிடப்பிடாது. இப்ப ஃபோன்ல ஒங்க பையைப் பத்தி என்னமோ சொன்னீங்க இல்லியா, என்னண்ணு சொன்னீங்க? ‘லெதர் பிளாக் பிக் பேக்’. அதான். காதுல விழுந்துட்டு. கேட்டுட்டு சும்மா இருக்க எனக்கு வராது. ‘பிக் பிளாக் லெதர் பேக்’. அப்படித்தான் வரணும். மொதல்ல அளவு, பொறவு நிறம், பொறவு செஞ்ச பொருளு. எங்க, ஒருக்கா சொல்லிப் பாருங்க. வேண்டாமா? சரி, வேண்டாம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட வாற ஆளு அடையாளம் கேட்டான், ஏதோ வாயில வந்ததைச் சொன்னீங்க. அவனுக்கும் வெளங்கிட்டு. வெளங்கினா போதும்ணு நெனைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க.

நான் இங்கிலீஷ் வாத்தியாரு தம்பி. பேரு ஞானசிகாமணி. வீடு நாகர்கோயில்ல. வேலை பாத்தது முழுக்கக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துல. ஓய்வு வாங்கியாச்சு. வாங்கி என்ன, நாய் வாலை நிமித்த முடியுமா? கடைப் பலகையில தப்பா எழுதியிருந்தா அந்தக் கடையில எனக்குச் சாமான் வாங்க முடியாது. எனக்க வீட்டுக்காரி கிரேஸ் சொல்லுவா, ஒங்களைப் பொதைக்கும்போது கல்லறைக் கல்லுல ஒரு எழுத்து தப்பிட்டுண்ணா எந்திரிச்சு வந்துருவீங்கண்ணு. வருவேன்தான்.

ஜன்னலோரத்துல இருக்காளே, அவ எனக்க கூடத்தான் வாறா. மகளாண்ணா? இல்ல, மகள் இல்ல. எனக்கிட்டப் படிச்ச பிள்ளை. மெர்லெட்டுண்ணு பேரு. கண்ணை மூடியிருக்கா பாத்தீங்களா. ஒறங்குதா. ஒறங்கட்டும், பாவம். நேத்து வண்டி ஏறுனதுலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல. ஆனா எனக்குப் பொதிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கா, இந்தா இந்தப் பையில கெடக்கு. மீனுக்கு முள்ளெல்லாம் எடுத்து வச்சிருக்காளாம். சாருக்குப் பல்லு சரியில்லண்ணு அவளுக்குத் தெரியும். எறங்குறதுக்கு முன்ன சாப்பிட்டிரணும். நாங்க எறங்குறது சின்ன ஸ்டேஷன் தம்பி, ஒங்களுக்கு முந்துன ஸ்டேஷன். எதுக்குப் போறோம்ணா... சொல்லுகேன். நீங்க திருச்சிப் பக்கத்து ஆளு, ஒங்களுக்கு மொதல்லேருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

மொதல்ல இந்த வரிசை. சிரிக்காதீங்க, இதுலதான் எல்லாம் இருக்கு. கல்யாணப் பந்தி கண்டிருக்கீங்க இல்லியா? மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஆரு வேணும்னாலும் போயி இருந்துர முடியுமா? எலையைத் தூக்கிட்டுச் சண்டைக்கு வந்துர மாட்டானா சொந்தக்காரன்? அதே கணக்குதான். பெயர்ச்சொல்லு மாப்பிள்ளை. அவனை ஒட்டி இருக்கது, அவன் என்னத்தால செஞ்சவன்ங்கிற விஷயம். மரமா, இரும்பா, தோலா. கூடப்பொறந்த தம்பி மாதிரி அது, நகட்டவே முடியாது. அதுக்கு அந்தப் பக்கம் எந்த ஊருக்காரன்ங்கிறது. அதுக்கு அங்க நிறம். அங்க வடிவம், வயசு, அளவு. எல்லாத்துக்கும் முன்னால வாசல்ல சந்தனத்தைப் பூசிக்கிட்டு ஒரு தாய்மாமன் நிப்பாரே, வேலை ஒண்ணும் செய்யாம எல்லாத்துக்கும் கருத்து மட்டும் சொல்லிட்டு. அதாக்கும் அபிப்பிராயம். ‘நைஸ்’, ‘பியூட்டிஃபுல்’ எல்லாம் அந்தத் தாய்மாமன் வகை. இப்படிச் சொல்லிக்குடுத்தா எந்த மடையனுக்கும் ஏறிரும். வலை இழுக்குற வீட்டுப் பிள்ளைங்க தம்பி, அதுக வாயிலேருந்து ‘எ நைஸ் ஸ்மால் ஓல்டு ரவுண்டு பிரவுன் உட்டன் பாக்ஸ்’ண்ணு வரும்போது வகுப்புக்கு வெளிய ஹெட்மாஸ்டர் நின்னு கேட்டுட்டுப் போவாரு.

ஆனா ஒண்ணு. அது பரீட்சைக்கு. பேசும்போது மூணுக்கு மேல ஏத்தாதே. இது எனக்க சொந்த விதி. பெயர்ச்சொல்லு கழுதை இல்ல, கண்டதையும் அதுக்க முதுகுல ஏத்த. மூணு அடைமொழி. அதுக்கு மேல போனா கேக்கவனுக்கு மூச்சு முட்டும். எதை வைக்கணும் எதை விடணும்ணு தெரிஞ்சவன்தான் இங்கிலீஷ் தெரிஞ்சவன். பலகையில எழுதிப் போட்டிருப்பேன்: மூணுக்கு மேல ஏத்தாதே.

இந்த மெர்லெட்டுக்கு மட்டும் அது ஏறவே இல்ல. கணக்குல அவதான் மொதல். இங்கிலீஷ்ல எந்திரிச்சாண்ணா, ‘பாக்ஸ் சார்’ ம்பா. எடுத்த எடுப்புலேயே மாப்பிள்ளையைத் தூக்கி எலைக்கு முன்ன இருத்திருவா! பொறவு ‘ஓல்டு சார், உட்டன் சார், மூடி இல்ல சார்’ண்ணு ஒவ்வொண்ணா வரும். ஏன் பிள்ளே இப்படிண்ணு கேட்டேன் ஒருநாள். “பொருளை மொதல்ல காட்டிட்டா கண்ணு முன்ன வந்துரும் சார், பொறவு எவ்வளவு வேணும்னாலும் சொல்லலாம்லா” ண்ணா. கிளாஸே சிரிச்சுட்டு. பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டினேன். பத்தாவதுல இங்கிலீஷ்ல போச்சு. பொறவு எழுதல. கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டாங்க. மாப்பிள்ளை பேரு ததேயுஸ். ஆழ்கடல் போறவன். நல்ல பயல். பந்துகளியில, அதான் ஃபுட்பால்ல, கோல் காத்து நிப்பான்.

ஆ, பந்துகளி. அதையும் சொல்லணும். எங்க கரையில திருவிழாண்ணா பந்துகளிப் போட்டி இல்லாம இருக்காது. அந்த வருஷம் போட்டி நடத்துன கமிட்டிக்காரங்க, கரையில உள்ள எல்லா ஊர்ப் பையன்மாருக்கும் ஒரே கடையில சட்டை எடுத்துட்டாங்க. நீல நைலான் சட்டை. எங்க பாத்தாலும் நீலம். கடல் ஏறி வந்த மாதிரி கெடந்துது. பரிசு குடுத்தது நான்தான், எனக்கும் ஒண்ணு தந்தாங்க. வீட்டு அலமாரியில இருக்கு. கிரேஸ் அதை எடுத்துத் தரை தொடைக்கப் போனா. தொடப்பிடாதுண்ணு சத்தம் போட்டேன். ஏன் போட்டேன்ணு தெரியல.

திருவிழா முடிஞ்ச கையோட, அதே சட்டையோட கடலுக்குப் போனாங்க, ததேயுஸும்தான். போன பொறவு புயல். ஒங்க ஊருப் பேப்பர்லயும் போட்டிருப்பான். கரையில ஓடு பறந்துது, தென்னை விழுந்துது, அது பெருசில்ல. கடல்ல கெடந்தவங்க கதி? வள்ளம் ஒடஞ்சவனைக் கடல் ஓட்டம் வடக்க இழுத்துட்டுப் போச்சு. கேரளாக் கரை, கொங்கணக் கரை, அதுக்கும் மேல. நாள் ஆக ஆக அங்கங்க ஒவ்வொரு உடம்பா ஒதுங்க ஆரம்பிச்சுது. தண்ணியில கெடந்த உடம்பு தம்பி. மொகம் பாத்துச் சொல்ல ஒண்ணும் இருக்காது. சட்டை, அரைஞாண், கழுத்துல கெடக்க மாதா படம் வச்ச உத்தரியக் கயிறு, இதுகளை வச்சுத்தான். அங்க உள்ளவனுக்குத் தமிழ் தெரியாது, இங்க உள்ளவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஆளு என்ன உடுத்திருந்தான்ணு இங்கிலீஷ்ல ஃபோன்ல சொல்லணும். ஃபாதர் என்னைக் கூப்பிட்டாரு. “சார், நீங்கதான் வரணும். வேற ஆரும் இல்ல” ண்ணாரு.

போனேன். கோயில் பக்கத்துல உள்ள ஹால்ல ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஃபோன். எனக்கு முன்ன பெண்ணுங்க வரிசையா. எல்லாம் எனக்கிட்டப் படிச்சதுக, இல்லண்ணா படிச்சதுகளுக்க அம்மைமாரு. ஒவ்வொருத்தி சொல்லச் சொல்ல நான் அதை இங்கிலீஷ்ல ஃபோன்ல சொல்லுவேன். லேசான வேலைண்ணு நெனைக்காதீங்க. அவளுக என்ன உடுத்திருந்தான்ணா சொல்லுவாளுக? அவன் எதுக்குச் சிரிப்பான், எந்த மீன் தின்ன மாட்டான், கடைசியா வாசல்ல நின்னு என்ன சொன்னான், எல்லாம் வரும். ‘நல்லவரு சார்’ண்ணு தொடங்காத பெண்ணு ஒண்ணு இல்ல. தாய்மாமன்! அதை மொதல்ல வெட்டணும். பொறவு வேண்டாத்ததை எல்லாம் வெட்டி, மூணே மூணு சொல்லுல நிப்பாட்டுவேன். ஃபோன்ல கேட்டுட்டிருந்த அந்தப் பக்கத்து ஆளு, ஆருண்ணு தெரியாது, ஒருநாள் எனக்கிட்டச் சொல்லிச்சு: “வெரி கிளியர் சார். மத்த இடத்துலேருந்து பேசுறவங்க அழுது கொழப்புறாங்க. நீங்க பேசினா ஒடனே எழுத முடியுது.” என்னைப் பாராட்டி ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல தம்பி, அத்தனை வருஷத்துல. அந்த நேரத்துல வந்துது பாருங்க.

கொஞ்சம் பைய பேசுகேன். ஒறங்குதாளா? ம்.

மெர்லெட்டும் வந்தா. அழல. அவ மட்டும்தான் அழல. மேசைக்கு முன்ன வந்து நின்னு, பழைய மாதிரியே தொடங்கினா. “சட்டை சார். பந்துகளிச் சட்டை. நீலம். புதுசு. ஆனா காலர் கெடையாது சார். கழுத்துல கொப்புளம் வந்து காலர் ஒரசுதுண்ணு அறுத்துக் களஞ்சிட்டாரு. நூலு பிரிஞ்சு வந்துது. கழுத்தைச் சுத்தி நான்தான் வலை நூலால தச்சுக் குடுத்தேன். பச்சை நூலு. எடது தோளுக்கிட்ட ஒரு முடிச்சு இருக்கும், எனக்க கை முடிச்சு, வேற ஆரும் அப்படிப் போட மாட்டாங்க.” நிறுத்தாம சொன்னா. மாப்பிள்ளையை இருத்திட்டு ஊரு முழுக்க விருந்துக்குக் கூப்பிட்ட கதை.

இதை நான் எங்க கொண்டு வைக்க, நீங்களே சொல்லுங்க? காலர் இல்லாத, பச்சை நூலால கழுத்து தச்ச, எடது தோளுல முடிச்சுப் போட்ட, புது, நீல, நைலான். இங்கிலீஷ்ல இதை ஒரு சட்டைக்கு முன்ன நிப்பாட்டிப் பாருங்க, கேக்கவன் ஃபோனை வச்சுருவான். அவளுக்குப் பின்னால இன்னும் வரிசை கெடக்கு. நான் சொன்னேன்: ‘எ நியூ புளூ நைலான் ஜெர்சி.’ வயசு, நிறம், பொருள். பாத்தீங்களா எப்படி வந்து உக்காருதுண்ணு? ஒரு சொல்லை மாத்த முடியாது, ஒண்ணைக் கூட்ட முடியாது. “வெரி கிளியர் சார்” ண்ணுது அந்தப் பக்கம்.

அவ போகல்ல. “பச்சை நூலு சொன்னியளா சார்?” ண்ணு கேட்டா.

“எல்லாம் சொல்லியாச்சு பிள்ளே, நீ போ” ண்ணேன்.

வேற என்ன சொல்ல? மாப்பிள்ளையக் காணாம நிக்கவகிட்ட இலக்கணமா பேசிட்டிருக்க முடியும்? அவ மொகம் தெளிஞ்சுது. “நல்லா இருப்பியள் சார்” ண்ணுட்டுப் போனா. ஒரு மனுஷிக்கு அந்த நேரத்துல ஆறுதல் குடுத்தமேண்ணு எனக்கும் நிம்மதி.

கொஞ்ச நாள்லயே பதில் வந்துட்டு. கெடச்சுட்டு. நீல நைலான் சட்டை போட்ட ஆளு. படம் அனுப்பினாங்க, நெஞ்சுப் பக்கம் மட்டும், நீலமா. ரத்தப் பரிசோதனை பண்ணல்லியாண்ணு கேப்பீங்க. சில பேருக்குப் பண்ணினாங்க தம்பி, விவரம் பொருந்தாதவங்களுக்கு. இதுதான் அப்படியே பொருந்திட்டே! எனக்க வாக்கியத்தை அப்படியே படிச்சு அந்த உடம்பு மேல வச்ச மாதிரி பொருந்திச்சு. எதுக்குப் பரிசோதனை? பெட்டியில அடச்சு அனுப்பிட்டாங்க.

மெர்லெட்டு பெட்டிக்கிட்ட வந்து, “கழுத்தைப் பாக்கணும்” ண்ணா. அவ்வளவுதான் கேட்டா. கழுத்து மட்டும். தொறக்கப்பிடாதுண்ணு உத்தரவுண்ணாரு ஃபாதர். மச்சான்மாரு பிடிச்சு இழுத்தாங்க. “இது அவரு இல்ல, அவரு இல்ல” ண்ணு ஒரே சொல்லு. துக்கத்துல எந்தப் பெண்ணும் சொல்லுறதுதான், நம்ப மாட்டாதுக. அப்ப எனக்கிட்டத் திரும்பிச் சொன்னா, “சார், நீங்க பச்சை நூலு சொல்லியும் அவங்க பாக்காம அனுப்பிட்டாங்களே சார்.”

எனக்க மேல அவளுக்கு ஒரு சொல்லு குறை கெடையாது தம்பி. அண்ணைக்கும் கெடையாது, இண்ணைக்கும் கெடையாது. கேக்காதது அங்க உள்ளவங்க தப்பு, சார் சரியாத்தான் சொன்னாருண்ணு ஊரு பூராச் சொல்லிட்டு நடந்தா. அந்த விசுவாசம் இப்ப உள்ள பிள்ளைகளுக்கு உண்டா?

பொதச்சாச்சு. ததேயுஸ்ணு பேரு வெட்டிக் கல்லும் வச்சாச்சு. இவ தாலியைக் கழத்தல. ராத்திரிச் சோத்துல ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பாளாம். கிறுக்குண்ணுட்டாங்க. ஆனா ஒண்ணு, கல்லறைத் திருநாளுக்குத் தவறாம அந்தக் கல்லறைக்குப் போயி மெழுகுதிரி கொளுத்துவா. ஒருக்கா கேட்டேன், அவரு இல்லண்ணு சொல்லுக, பொறவு ஆருக்குக் கொளுத்துக பிள்ளேண்ணு. “ஆரோ ஒரு அம்மைக்க பிள்ளை சார். அந்த அம்மை வேற ஒரு கரையில காத்துட்டிருப்பா. அவளுக்காக நான் கொளுத்துகேன், எங்கயோ எவளோ அவருக்குக் கொளுத்தட்டும்” ண்ணா. நான் கொடையை விரிச்சுக்கிட்டு விறுவிறுண்ணு வீட்டுக்கு வந்துட்டேன். வெயில் நேரம்.

அதுலேருந்துதான் தொந்தரவு தொடங்குச்சு. தொந்தரவுண்ணா, பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் வகுப்புல வரிசை சொல்லிக்குடுக்கேன். உதாரணம் வேணும்லா? நல்ல உதாரணத்தை வீணாக்க முடியுமா? பலகையில எழுதினேன்: ‘எ நியூ புளூ நைலான் ஜெர்சி.’ எல்லாரும் சேந்து சொல்லுங்கண்ணேன். சொன்னாங்க. மூணாவது பெஞ்சுல ஒரு பிள்ளை மட்டும் வாயத் தொறக்கல. ததேயுஸுக்க அக்கா மகளாம். எனக்கு எப்படித் தெரியும்? பையைத் தூக்கிட்டு வெளிய போனா, திரும்ப எனக்க வகுப்புக்கு வரவே இல்ல. உதாரணம் உதாரணம்தான் பிள்ளேண்ணு சொல்லி அனுப்புனேன்.

அது போகட்டும். எல்லாரும் கோரஸா சொல்லி முடிச்சு ‘ஜெர்சி’ண்ணு நிப்பாட்டுனாங்க பாருங்க, நிப்பாட்டுன பொறவு ஒரு சத்தம் மட்டும் நிக்காம மேல போச்சு. ஆம்பிள சத்தம். தண்ணி குடிச்சுட்டுப் பேசுற மாதிரி. ‘காலர் கெடையாது சார்’ண்ணுது. ஆருல அதுண்ணு அதட்டுனேன். பிள்ளைங்க முழிச்சுதுக. கடல் எரச்சல்தான். பள்ளிக்கூடம் கரையில இல்லியா, காத்து அடிச்சா அப்படித்தான்.

பொறவு கடைசி பெஞ்சு. கடைசி பெஞ்சுல ஒரு ஆளு இருப்பான். நீலச் சட்டை. தரை நனஞ்சு கெடக்கும். கழுத்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருப்பான், பல்லுவலிக்காரன் தாடையைப் பொத்துற மாதிரி. நான் வரிசை சொல்லத் தொடங்குன ஒடனே கையை எடுக்கப் போவான். எடுக்குறதுக்கு முன்ன நான் பலகைப் பக்கம் திரும்பிருவேன். கண்ணாடியை மாத்துனேன். கண்ணுக்கு மருந்து ஊத்துனேன். பொறவு அந்தப் பாடத்தையே நடத்தாம விட்டேன். பிள்ளைகளுக்குப் பரீட்சையில அதுல மார்க்கு போச்சு, ஹெட்மாஸ்டர் கேட்டாரு. பாடத்திட்டம் நீளம்ணு சொல்லிட்டேன். ஓய்வு வாங்குன பொறவு விட்டுரும்ணு நெனச்சேன். விடல. கிரேஸ் சொல்லுதா, நான் ஒறக்கத்துல பச்சை, பச்சைண்ணு சொல்லுகேனாம். வயசானா ஒறக்கத்துல பேசாத மனுஷன் உண்டா?

இப்ப இந்தப் பயணம். எங்க கரைக்காரப் பையன்மாரு நெறையப் பேரு கொங்கணக் கரையில விசைப்படகுல வேலை செய்யாங்க. அதுல ஒருத்தன் போன மாசம் ஆரையோ அடக்கம் பண்ண அங்க உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கான். அங்க ஒரு மூலையில பேரில்லாத குழிகள். புயல்ல ஒதுங்குன, ஆரும் தேடி வராத உடம்புக. தோட்டக்காரருக்கு நல்ல மனசு. எண்ணைக்காவது ஆராவது வருவாங்கண்ணு, உடுத்திருந்த துணியை எல்லாம் அலசி ஒரு கொட்டகையில கட்டித் தூக்கி வச்சிருக்காரு. அதுல ஒரு நீலச் சட்டை. காலர் இல்ல. கழுத்தைச் சுத்தி வலை நூலு. பச்சை.

பையன் மெர்லெட்டுக்கு ஃபோன் போட்டான். இவ நேரா எனக்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. “சார், முடிச்சு இருக்காம் சார். எடது தோளுல இருக்காம்.” இத்தனை வருஷத்துல அப்பத்தான் அழுதா. அவரை அங்கேருந்து எடுத்துட்டு வரணும்ணா போலீஸ்ல, ஆபீஸ்ல எல்லாம் பேசணும், இங்கிலீஷ்ல. “நீங்கதான் வரணும் சார். அண்ணைக்கு ஃபோன்ல சொன்னதை அப்படியே, ஒரு சொல்லு மாறாம, அவங்க முன்ன நின்னு சொல்லணும். அப்ப கேக்காதவங்க இப்ப காதால கேக்கட்டும்” ண்ணா.

முடியாதுண்ணு சொல்ல முடியுமா? வந்துட்டேன். ஆனா நேத்துலேருந்து மண்டை காயுது தம்பி. அண்ணைக்குச் சொன்னதை அப்படியே சொல்லணுமாம். அதுல பச்சை நூலே கெடையாதே! அது அவளுக்குத் தெரியாது. இப்ப புதுசாச் சேக்கணும், பழசு மாதிரியும் இருக்கணும். எப்படி வச்சுப் பாத்தாலும் பந்தி சரியா வரல. பச்சையை நீலத்துக்கு முன்ன வைக்கவா, பின்ன வைக்கவா? காலர் இல்லாததை எங்க கொண்டு இருத்த? வடிவத்துலயா? எல்லாம் சேந்து ஆறு ஆகுது. மூணுக்கு மேல ஏத்தாதேண்ணு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு...

என்ன கேட்டீங்க? சத்தத்துல கேக்கல.

தனியா இன்னொரு வாக்கியமாச் சொல்லியிருக்கலாமேண்ணா? ‘கழுத்துல பச்சை நூலு இருக்கு’ண்ணு, அவ சொன்ன மாதிரியே, சட்டையைச் சொன்ன பொறவு?

குகை வந்துட்டு, பாத்துக்கிடுங்க. இந்தப் பாதை முழுக்க இப்படித்தான், மலையைக் கொடஞ்சு கொடஞ்சு போட்டிருக்கான். லைட்டு ஏன் எரியல? தம்பி, நீங்க இருக்கீங்களா? நடுவுல ஆரு வந்து இருக்கா? இல்ல, ஈர வாடை வந்துது, அதான். ஜன்னல் வழியா வருதோ என்னமோ. மலைத் தண்ணி. பேசிட்டே இருங்க தம்பி. எதையாவது பேசுங்க.

ஹாவ். வெளிச்சம் வந்துட்டு.

பிள்ளே? முழிச்சிட்டியா? எப்ப முழிச்ச? ஸ்டேஷன் இன்னும் வரல்ல, கொஞ்சம் இருக்கு. என்னத்துக்கு அப்படிப் பாக்க? தண்ணி குடிக்கியா?

“பச்சை நூலு சொல்லல்லியா சார்?”

இல்ல பிள்ளே, அது வந்து... இவருக்கு வெளங்கட்டும்ணு ஒரு பேச்சுக்கு... நீ அரை ஒறக்கத்துல கேட்டிருப்ப. தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்கதான கேட்டுட்டு இருந்தீங்க. நான் அப்படியா சொன்னேன்? தம்பி? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி.

ஏன் எந்திரிக்க பிள்ளே? அந்தப் பொதியை எதுக்கு எடுக்க, நான் இன்னும் சாப்பிடல்லியே. மெர்லெட்டு, இங்க பாரு. அவரு முன்ன போயி ஏன் நிக்க? அவரு ஆரோ.

“அண்ணே, நீங்க இங்கிலீஷ் பேசுவியளா? எனக்க கூட எறங்குவியளா?”

அவருக்கு இங்கிலீஷ் வராது பிள்ளே! நான் இப்பத்தான் கேட்டேன், ‘லெதர் பிளாக் பிக் பேக்’ண்ணு சொல்லுத ஆளு. வரிசையே தெரியாது அவருக்கு. அங்க போயி என்ன சொல்லுவாரு? வாயில வந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லி வைப்பாரு, ஒரு ஒழுங்கு இருக்காது. வண்டி மெதுவாவுது, ஒன் சாமானை எனக்கிட்டக் குடு, நான் வாறேன், நான் சொல்லுகேன், எல்லாம் சேத்துச் சொல்லுகேன்.

தம்பி, ஒங்க ஸ்டேஷன் அடுத்ததுலா? நீங்க எதுக்கு இப்ப பையைத் தூக்குறீங்க?